சப்ளிமென்டரி ஃபைல் தகராறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிடும். கூடவே ஏற்றிய தரவுக் கோப்பு மட்டும் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கும். ஊட்டியில் மருந்தியல் படிப்பவர், குன்னூரில் தேயிலை மண்ணைப் பார்ப்பவர், கூடலூரில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்துபவர், சோலைக்காட்டில் பறவை எண்ணுபவர் என்று யார் கோப்பைக் கொண்டுவந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்ப வருகிறவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில், வேலை வைக்கும் காரணம் கடைசியில்.

எதையும் தொடுவதற்கு முன் மூலக் கோப்பை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து, 'ரீட் ஒன்லி' போட்டு வையுங்கள். கீழே சொல்லும் எல்லா வேலையும் நகலில்தான்.

அறிகுறி: லிங்க் திறக்கவில்லை

"அக்கா, எனக்குத் திறக்குதே, இப்பத்தான் பார்த்தேன்" என்பார்கள். உங்களுக்குத் திறக்கும். நீங்கள் உங்கள் கணக்கில் உள்ளே இருக்கிறீர்கள். பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' ஜன்னல் திறந்து அதே லிங்கைப் போடுங்கள். வாசகர் பார்ப்பது அதைத்தான்.

*அனுமதி கேட்கச் சொல்கிறது என்றால்:* கோப்பு யாருடைய கூகுள் டிரைவிலோ இருக்கிறது. பகிர்வு அமைப்பைத் திறந்துவிட்டால் இன்றைக்குத் தீரும். ஆனால் அது கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கிய டிரைவ் என்றால், படிப்பு முடிந்து கணக்கை மூடும் நாளில் தரவும் போய்விடும். கட்டுரைக்கான தரவை டிரைவில் வைக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. ஸெனோடோ மாதிரி ஓர் ஆய்வுத் தரவுக் களஞ்சியத்துக்கு மாற்றுங்கள். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்துவது, கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண்ணும் கிடைக்கும்.

*டிஓஐ எண் இருக்கிறது, பக்கம் வரவில்லை என்றால்:* எண்ணை 'ரிசர்வ்' செய்துவிட்டு 'பப்ளிஷ்' அழுத்த மறந்திருப்பீர்கள். முன்பதிவு செய்த எண் வெளியிடும் வரை வேலை செய்யாது. வரைவுப் பட்டியலில் போய்ப் பாருங்கள்.

*பக்கம் வருகிறது, கோப்பு மட்டும் பூட்டியிருக்கிறது என்றால்:* 'எம்பார்கோ' தேதியை, அதாவது அதுவரை கோப்பைத் திறக்கக்கூடாது என்று நீங்கள் போட்ட தேதியைப் பாருங்கள். கட்டுரை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெளிவந்திருக்கும். தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தால் சரி.

*பத்திரிகையின் தளத்தில் போட்டிருந்த கோப்பே காணோம் என்றால்:* பதிப்பாளர் தளம் மாறும்போது நடக்கிறது. ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உங்கள் நகலைக் களஞ்சியத்தில் ஏற்றலாமா என்று உரிமப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன

ஊர்ப்பெயர், செடியின் உள்ளூர்ப் பெயர், நேர்காணல் பதில்கள் உள்ள கோப்புகளில் வருவது. எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

*தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இது மாறி மாறி வந்தால்:* தரவு முழுசாக இருக்கிறது, கவலை வேண்டாம். யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியீட்டில் உள்ள கோப்பை எக்செல் வேறு குறியீடாக நினைத்துத் திறந்திருக்கிறது. கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல், வெற்று எக்செல்லில் 'டேட்டா' மெனு வழியாக 'ஃப்ரம் டெக்ஸ்ட்' என்று உள்ளே இழுத்து, யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பகிரும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையில் சேமியுங்கள் (சிஎஸ்வி என்பது கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). கெட்ட தோற்றத்தோடேயே சேமித்துவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கிறுக்கலே தரவாகிவிடும்.

*சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் அர்த்தமில்லாமல் வந்தால்:* தட்டியவர் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார். எந்த எழுத்துரு என்று அவரிடமே கேட்பதுதான் குறுக்கு வழி. தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கலாம். மாற்றியபின் ணகர, றகரச் சொற்களையும் கொம்பு, கால் போட்ட எழுத்துகளையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

*வெறும் கேள்விக்குறிகள் வந்தால்:* இழந்தாயிற்று. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூலக் கோப்பு, இல்லையென்றால் கள நோட்டு.

அறிகுறி: தேதிகளும் எண்களும் தாமாக மாறிவிட்டன

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். என்னிடம் வரும் கோப்புகளில் அதிகம் இதுதான், வெளியே தெரியாமல் முடிவையே கவிழ்ப்பதும் இதுதான்.

*முதல் சோதனை, கண்ணால்:* தேதி நெடுவரிசையில் சில வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கின்றனவா? நெடுவரிசைக்கு நீங்களாக அலைன்மென்ட் எதுவும் போடவில்லை என்றால் இதை நம்பலாம். வலப்பக்கம் இருப்பவற்றை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டது, இடப்பக்கம் இருப்பவை வெறும் எழுத்தாக நிற்கின்றன. அப்படியென்றால் கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கிறது, மாதம் முன்னால், நாள் பின்னால். நீங்கள் 13/07 என்று போட்டதில் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் விட்டுவிட்டது. 02/07 என்று போட்டதைச் சத்தமில்லாமல் பிப்ரவரி 7 ஆக்கிவிட்டது.

*இரண்டாவது சோதனை, மழையால்:* மழைத் தரவு என்றால் நம் மலையே காட்டிக்கொடுக்கும். தேவாலாவிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பெரும்பாலும் வெயில்தான். தேதி புரண்டிருந்தால், ஜூலை மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் மழை ஒவ்வொரு மாதத்தின் 7-ம் தேதியிலும் ஒன்றொன்றாகப் போய் உட்கார்ந்திருக்கும். ஆகஸ்ட் மழை 8-ம் தேதிகளில். மாதவாரியாக வரைபடம் போட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் 6, 7, 8 தேதிகளில் மட்டும் மழை தூண்போல நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

சரிசெய்ய: மூல எழுத்துக் கோப்பிலிருந்து மறுபடி இழுங்கள், தேதி நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். பகிரும் கோப்பில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2022-07-02 என்று எழுதுங்கள். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்றையும் மூன்று நெடுவரிசையாகப் பிரித்துவிடுங்கள்.

*எல்லாத் தேதியும் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளியிருந்தால்:* பழைய மேக் கோப்பு. எக்செல்லில் 1900, 1904 என்று இரண்டு ஆண்டுக் கணக்கு உண்டு, இடைவெளி 1,462 நாள். அந்த எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

*மாதிரி எண்கள் கெட்டிருந்தால்:* 3-12 என்ற பாத்தி எண் தேதியாகிவிடும். 007 என்ற நோயாளி எண் 7 ஆகிவிடும். எண்களுக்கு நடுவில் ஆங்கில 'ஈ' வந்தால் அடுக்குக்குறியாகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீண்ட பார்கோடில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். மரபணுப் பெயர்களுக்கும் இதே கதி. இணைப்பாக எக்செல் மரபணுப் பட்டியல் வைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. 'மார்ச்', 'செப்ட்' என்று தொடங்கிய மனித மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று, 2020-ல் பெயரிடும் குழு அதையும் செய்தது. புதிய எக்செல்லில் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கிறது, நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்லது, மாதிரி எண்ணை எப்போதும் ஓர் எழுத்தில் தொடங்குவது.

*கடைசி வரிசைகள் காணோம் என்றால்:* பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிசைதான் பிடிக்கும். 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகள் கணக்கில் விடுபட்டது இந்த வரம்பால்தான். வெப்பநிலையைத் தானாகப் பதியும் லாகர் கருவியின் தரவு இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். மூலக் கோப்பின் வரிசை எண்ணிக்கையையும் பகிரும் கோப்பின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

மூலக் கோப்பே இல்லை, கெட்ட கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சூத்திரம் போட்டு ஊகித்துத் திருப்பாதீர்கள். புள்ளியியல் தெரிந்தவரைக் கூப்பிட்டு, எந்தெந்த வரிசைகளை நம்பலாம் என்று அவர் பிரித்துக் கொடுக்கட்டும்.

அறிகுறி: வரைபடத்தில் புள்ளிகள் ஊர் மாறி விழுகின்றன

*வடதுருவம் பக்கம் கடலில் விழுந்தால்:* அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. ஊட்டி ஏறக்குறைய 11.4 வடக்கு, 76.7 கிழக்கு. திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடல். நெடுவரிசைத் தலைப்பை மாற்றினால் முடிந்தது.

*ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுந்தால்:* வெற்றுக் கட்டங்கள் பூஜ்யமாகிவிட்டன. பூஜ்யத்தை அழித்து வெறுமையாக விடுங்கள்.

*பக்கத்திலேயேதான், ஆனால் முக்குருத்தி, கேரள எல்லைப் பக்கம் தள்ளி விழுந்தால்:* பாகை-கலையை (டிகிரி-மினிட்) அப்படியே தசமமாக எழுதிவிட்டார்கள். 11 பாகை 24 கலை என்பது 11.40. அதை 11.24 என்றும், 76 பாகை 42 கலையை 76.42 என்றும் எழுதினால் புள்ளி தெற்கே 18 கிலோமீட்டரும் மேற்கே 30 கிலோமீட்டரும் நகரும். தசமப் புள்ளிக்குப் பிறகான முதல் இரண்டு இலக்கம் கோப்பு முழுக்க 60-ஐத் தாண்டவே இல்லையா? அதுதான் அடையாளம்.

*சில நூறு மீட்டர் மட்டும் நகர்ந்திருந்தால்:* பழைய சர்வே வரைபடத்தின் 'எவரெஸ்ட்' என்ற இட அளவு முறையும் ஜிபிஎஸ் தரும் 'டபிள்யூஜிஎஸ்-84' என்ற முறையும் கலந்திருக்கின்றன. இதை வரைபட மென்பொருள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கையால் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

உயரத்தையும் கூடவே பாருங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் ஓர் எண் இருந்தால் அது அடிக்கணக்கு, இல்லையென்றால் கருவிப் பிழை. நீலகிரியில் அதைவிட உயரம் இல்லை.

அறிகுறி: "உங்கள் கூட்டுத்தொகை எங்களுக்கு வரவில்லை" என்று எழுதுகிறார்கள்

*அலகு எழுதவில்லை:* எஸ்டேட் பதிவேடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும், ஓர் அங்குலத்துக்கு 100 சென்ட். வானிலை நிலையத்தில் மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டினால் எதுவும் வராது. மில்லிமீட்டருக்கு மாற்றி, அலகைத் தலைப்பிலேயே எழுதுங்கள். மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறதா, நள்ளிரவிலா என்பதையும் எழுதுங்கள். இரண்டு இடத்துத் தரவு ஒருநாள் முன்பின்னாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

*விடுபட்ட மதிப்புக்கு -999 போட்டிருக்கிறீர்கள், அவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்:* வெறுமையாக விடுங்கள், தரவை விளக்கும் ரீட்மீ கோப்பில் ஒரு வரி சொல்லுங்கள். அளக்கவில்லை என்பதும் அளந்து பூஜ்யம் வந்தது என்பதும் வேறு வேறு.

*நீங்கள் நீக்கியதை அவர் நீக்கவில்லை, அல்லது மாறாக:* 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. வெளியூர்க்காரர் அதைத் தட்டச்சுப் பிழை என்று தூக்கிவிடுவார். அசாதாரண மதிப்பு உண்மை என்றால் 'சரிபார்த்தது' என்று பக்கத்து நெடுவரிசையில் குறியுங்கள். நீக்கியது எதுவானாலும் காரணத்தோடு தனிப் பட்டியல் வையுங்கள்.

*நிறத்தில் தகவல் வைத்திருந்தால்:* மஞ்சள் வரிசை என்றால் சந்தேகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சிஎஸ்வி ஆக்கியதும் நிறம் போய்விடும். அதை ஒரு நெடுவரிசையாக எழுதுங்கள்.

அறிகுறி: பெயரை நீக்கியும் ஆள் தெரிகிறார்

இந்தப் பகுதியை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். பெருநகரத்தில் வயது, பாலினம், சமூகம் மூன்றையும் போட்டாலும் ஒருவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார். இங்கே மறைய முடியாது. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர். மந்து என்ற அவர்கள் குடியிருப்பு ஒன்றில் சில குடும்பங்கள். "பெண், 43, தோடர், இந்த மந்து" என்று எழுதினால் பெயர் எழுதியதாகவே அர்த்தம். இந்தியாவில் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தக் கோளாறு முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-ல். அன்றிலிருந்து இந்த மக்கள் ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். திருமணப் பேச்சில் ஒரு பெண்ணுக்கு எதிராக அந்த முடிவு வந்து நிற்கக்கூடாது.

*எளிய காரணம், மறைந்த இடங்கள்:* மறைத்த ஷீட், கமென்ட், கோப்பு எழுதியவர் பெயர். பிவட் அட்டவணை (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) இருந்தால் மூல வரிசைகளை நீக்கிய பிறகும் அதற்குள் நகல் இருக்கும். மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி, சிஎஸ்வி ஆக்குங்கள்.

*அடுத்தது, சிறு கட்டங்கள்:* சமூகம், வயது, பாலினம், இடம் நான்கையும் குறுக்கே வைத்து எண்ணுங்கள். எந்தக் கட்டத்திலாவது ஐந்துக்குக் குறைவாக ஆட்கள் இருந்தால் விரிவாக்குங்கள். வயதைப் பத்தாண்டுப் பிரிவாக்குங்கள். ஊருக்குப் பதில் வட்டம் போடுங்கள்: உதகை, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர். முகாம் தேதிக்குப் பதில் ஆண்டு மட்டும். மறுபடி எண்ணுங்கள். இன்னும் ஐந்துக்குக் கீழே வந்தால் சமூகப் பெயரையே எடுக்க வேண்டியிருக்கும்.

*எளிதில் கண்ணுக்குப் படாதது, இரண்டு கோப்பு சேரும்போது:* பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் மாதிரி ஆய்வில் பூச்சிகளைச் சேகரித்தவர்கள் ஒரு கோப்பும் மருத்துவக் குழு ஒரு கோப்பும் வெளியிடுவார்கள். பூச்சிக் கோப்பில் துல்லியமான ஜிபிஎஸ், மருத்துவக் கோப்பில் பெயர் இல்லை. தனித்தனியே இரண்டும் ஒழுங்குதான். ஆனால் இரண்டிலும் ஒரே வீட்டு எண் இருந்தால், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று நேரே போய்க் கதவைத் தட்டலாம். வெளியிடும் முன் இரண்டு குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பொது நெடுவரிசைகளை வைத்து இணைத்துப் பார்க்க வேண்டும். பொது எண்ணை மாற்றுங்கள், வீட்டுப் புள்ளிகளை மங்கலாக்குங்கள்.

*யாரைக் கூப்பிடுவது:* மரபணுத் தரவு, குழந்தைகள், எச்ஐவி, மனநலம், ஊர் முழுக்கச் சேர்த்த ரத்த முடிவுகள் என்றால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். நிறுவன நெறிமுறைக் குழுவிடம் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்களை அவர்கள் கையில் வைத்திருப்பார்கள். முதலில் கேட்கப்போவது ஒப்புதல் படிவத்தில் 'பகிர்வு' பற்றி என்ன எழுதியிருந்தது என்பது, அதை எடுத்துப் போங்கள். படிவத்தில் இல்லையென்றால் திறந்த வெளியீடு கிடையாது. தரவின் விவரத்தை மட்டும் களஞ்சியத்தில் போட்டு, கோப்பை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கி, குழு அனுமதித்தவருக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றையும் திறந்து வைப்பதுதான் நல்ல அறிவியல் என்று யாராவது வற்புறுத்தினால் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அறிகுறி: அரிய செடியின் இடம் ஊருக்கே தெரிந்துவிட்டது

*முதலில் புகைப்படங்களைப் பாருங்கள்:* அட்டவணையில் இடத்தை மறைத்துவிட்டு, இணைத்த போன் படத்துக்குள் ஜிபிஎஸ் விட்டிருப்பார்கள். படத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் இடத்தகவலை நீக்குங்கள்.

*அடுத்து புள்ளியை மங்கலாக்குங்கள்:* ஆர்க்கிட், வரையாட்டின் குட்டி ஈனும் பாறை, கூடுகள் இவற்றுக்குத் தசமத்தில் ஒரே இலக்கம் விடுங்கள், சுமார் 11 கிலோமீட்டர் வரும். ஆனால் நம் மலையில் அவ்வளவு தூரத்துக்குள் சோலையும் மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளியும் இரண்டும் வந்துவிடும். அதனால் உயரப் பிரிவையும் வாழிட வகையையும் தனியாகக் கொடுங்கள், ஆய்வுக்கு அது போதும். மங்கலாக்கினோம் என்பதையும் எழுதுங்கள். உலகப் பல்லுயிர்த் தரவுத் தளமான ஜிபிஐஎஃப்-க்கு அனுப்பும் 'டார்வின் கோர்' என்ற பொது வடிவத்தில் இதற்கென்றே நெடுவரிசை இருக்கிறது.

முதுமலை, முக்குருத்தி தரவு என்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை மறுபடி படியுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால், பல்லுயிர்ச் சட்டம் 2002 எங்கே பொருந்தும் என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள், தலைமையகம் சென்னையில்தான். மூலிகைப் பயன் போன்ற மரபறிவு இருந்தால், சொன்னவர்களிடம் போய் வெளியிடலாமா என்று கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: ஏற்றும்போது பாதியில் நிற்கிறது

மழைக்காலத்தில் கரன்டும் டவரும் போவது வழக்கம். இரவில் ஏற்றுங்கள், கோப்பைச் சுருக்குங்கள், பெரிய கோப்பைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஏறியபின் களஞ்சியம் காட்டும் எம்டி5 குறியை (கோப்பின் கைரேகை மாதிரி) உங்கள் கணினியில் எடுத்த குறியோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி ஏற்றுங்கள். டிஎன்ஏ வரிசைத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் போடாமல், அதற்கான ஜென்பேங்க் அல்லது ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் போட்டு, அவர்கள் தரும் அணுகல் எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள்.

அறிகுறி: வெளியான பிறகு பிழை கண்ணில் பட்டது

*கோப்பில் மட்டும் பிழை, முடிவு மாறவில்லை:* களஞ்சியத்தில் 'நியூ வெர்ஷன்' போட்டுத் திருத்திய கோப்பை ஏற்றுங்கள். பழையது அங்கேயே இருக்கும், இருக்கட்டும். ரீட்மீயில் எந்த நெடுவரிசையில் எத்தனை வரிசை மாறியது என்று எழுதுங்கள். ஸெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண்ணும், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண்ணும் உண்டு. பொது எண்ணைத் தொடர்ந்தால் புதியது வரும்.

*முடிவும் மாறுகிறது:* உடன் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், வழிகாட்டிக்கு முதலில் போன் செய்யுங்கள். பிறகு பத்திரிகையிடம் திருத்த அறிவிப்பு கேளுங்கள். மறுகணக்கை உங்கள் குழுவில் இல்லாத ஒருவர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

*ஆள் அடையாளம் வெளியாகியிருக்கிறது:* புதிய பதிப்பு போட்டால் போதாது, பழைய பதிப்பு அப்படியே திறந்து கிடக்கும். உடனே கோப்புகளை 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். அன்றைக்கே களஞ்சிய உதவிப் பிரிவுக்கு எழுதி, பழைய பதிப்பின் கோப்பை நீக்கச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவியுங்கள். யாருடைய தகவல் வெளியானதோ அவர்களுக்கு எப்படிச் சொல்வது, யார் நேரில் போய்ச் சொல்வது என்பதைக் குழுவோடு பேசி முடிவு செய்யுங்கள்.